விடிய சிவக்கிற முகம், பின்னேரம் பச்சை அடிக்கிற சாம்பல்: டிஜிட்டல் மெஷினை வழிக்குக் கொண்டுவருவது

கல்முனையில் சின்னதாக ஒரு டிஜிட்டல் அச்சகம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணன், பாவித்த கலர் மெஷின் ஒன்று எடுத்து எட்டு மாதம். விடிய அடித்தால் முகமெல்லாம் சிவந்து கறுத்து விழுகுது. அதே ஃபைலைப் பின்னேரம் அடித்தால் சாம்பல் நிறம் பச்சை அடிக்குது. போட்டோஷொப்பில் பிரைட்னஸைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறன். டெக்னீஷியன் வந்து போனால் ரெண்டு கிழமை நல்லா இருக்கும், பிறகு பழையபடிதான். அளக்கிற கருவி வாங்கத்தான் வேணுமா?"

தம்பி, முதலில் அந்த பிரைட்னஸைக் கூட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். விடிய சிவக்கிற ஃபைல் பின்னேரம் பச்சை அடிக்கிறதென்றால் ஃபைலில் பிழை இல்லை. விடிய மஜெந்தா கூட விழுகிறது, பின்னேரம் குறைய விழுகிறது, அவ்வளவுதான். சாம்பலுக்குள் மஜெந்தா குறைந்தால் மிச்சமிருக்கும் சயனும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாகத்தான் தெரியும். நீங்கள் விடிய ஃபைலைத் திருத்தி வைத்தால், அந்தத் திருத்தமே பின்னேரம் பிழையாகிவிடும். ஆடிக்கொண்டிருக்கிற தராசில் நிறுத்துவிட்டு, சாமானைக் கூட்டிக் குறைத்து என்ன பயன்?

நான் மட்டக்களப்பு டவுனில் 17 வருடமாக இந்த வேலை செய்கிறேன். எனக்கு இதைப் புரிய வைத்தது ஒரு நினைவு மலர். கார்த்திகை மாதம், விடாத மழை. ஒரு அம்மாவின் 31ஆம் நாளுக்கு 250 கொப்பி. அட்டையில் அவர் முகம், முழுப் பக்கத்துக்கு. இரவு ஏசியைப் போட்டு 150 அட்டை அடித்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. மிச்சம் 100ஐயும் விடிந்து கடையைத் திறந்த கையோடு அடித்துக் கட்டி வைத்தேன். மகள் வந்து இரண்டு கட்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒன்றைத் தொட்டு, "தம்பி, இது எங்கட அம்மா" என்றார். மற்றதைத் தொட்டு, "இது ஆரு?" என்றார்.

அந்த 100ஐயும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். பணம் பெரிய விசயமில்லை. ஒரு வீட்டில் அந்த ஒரு போட்டோதான் இனி முகம். அதைச் சரியாகக் கொடுப்பது எங்கள் கையில் இருக்கிறது. அன்று தொட்டுத்தான் நான் அளந்து வேலை செய்யத் தொடங்கினேன்.

மெஷினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், இது விளங்கினால் பாதி வேலை தானாக விளங்கும். செஸ்டர் கார்ல்சன் 1938இல் கண்டுபிடித்த அதே முறைதான் இன்றும்: மின்னேற்றம் உள்ள டிரம்மில் மின்னேற்றம் உள்ள தூள் ஒட்டுகிறது. டோனர் தூள், டெவலப்பர் என்ற காந்தத் துகள் கலவைக்குள் உரசி உரசித்தான் மின்னேறுகிறது. காற்றில் ஈரம் கூடினால் அந்த மின்னேற்றம் குறையும். குறைந்தால் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பிடியும் தளரும், அதே வோல்டேஜுக்குக் கூடுதலான தூள் போய் ஒட்டும். நிறம் கறுக்கும், வெள்ளை இடத்திலும் லேசாகத் தூள் படியும். காற்று காய்ந்தால் இதற்கு எதிர்ப்பக்கம்: மின்னேற்றம் கூடி, தூள் குறைவாகப் போய், நிறம் வெளிறும். நாலு நிறமும் ஒரே அளவில் ஆடாது. ஒவ்வொரு நிற யூனிட்டின் டெவலப்பரும் ஒவ்வொரு வயது. அதனால்தான் வெறுமனே கறுப்பதோடு நிற்காமல் நிறமும் சாய்கிறது.

இப்போது எங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் சுவரே வியர்க்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தால் காய வைத்த துணி அரை மணியில் மொறமொறக்கும். அதே நாள் பின்னேரம் கடற்காற்று திரும்பினால் உடம்பு பிசுபிசுக்கும். மெஷின் புத்தகங்கள் பெரும்பாலும் கேட்பது 20 முதல் 25 பாகை வெப்பமும் 40 முதல் 60 வீத ஈரப்பதனும். எங்கள் கடைகளில் இரவு ஏசியை நிறுத்திவிட்டுப் போகிறோம். விடிய வந்து பார்த்தால் தட்டிலுள்ள பேப்பரும் உள்ளேயுள்ள டோனரும் இரவு முழுக்க ஈரத்தைக் குடித்திருக்கும். ஏசியைப் போட்டு ஐந்தாறு மணித்தியாலம் வேலை ஓடிய பிறகு எல்லாம் காய்ந்திருக்கும். உங்கள் விடியற்காலைச் சிவப்பும் பின்னேரப் பச்சையும் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி ஈரப்பதன்மானி. வெப்பமும் ஈரமும் காட்டும் சின்ன டிஜிட்டல் சாமான், விலை பெரிதில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஏசிக் காற்று நேரே படாத இடத்தில். அதோடு டெக்னீஷியனிடம் ஒரு கேள்வி: இந்த மெஷினில் பேப்பர் தட்டுக்கு ஈரம் போக்கும் ஹீட்டர் இருக்கிறதா? பல மெஷின்களில் இருக்கும், அல்லது பிறகு பூட்டலாம். பிளக் போட்டபடி இருந்தால்தான் அது இரவில் வேலை செய்யும். இடி மின்னலுக்குப் பயந்து நாங்கள் சுவரில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போகிறோம். பயம் நியாயமானது, ஐப்பசியில் நானும் கழற்றுவேன். ஆனால் கழற்றிய இரவுக்கு அடுத்த நாள் விடிய மெஷினுக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். உடைத்த பேப்பர் கட்டைத் தட்டில் விட்டுப் போகாதீர்கள். எடுத்து அதன் உறையிலேயே சுற்றி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். ஈரமான ஆர்ட் பேப்பரில் டோனர் ஒழுங்காக மாறி ஒட்டாது. முழு நிறம் அடிக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக, மேகம் மேகமாக விழும். அந்த மேகத்தை எந்தச் செட்டிங்காலும் திருத்த ஏலாது.

அடுத்தது, பரிசோதனைப் பட்டை. இதைக் கொம்பியூட்டரில் நீங்களே ஒரு முறை செய்து வையுங்கள், வாழ்நாளுக்கும் உதவும். ஏ3 தாள். சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு, நாலுக்கும் ஒவ்வொரு வரிசை. 2, 5, 10 என்று தொடங்கி, பிறகு பத்துப் பத்தாக 90 வரை, அதன் பிறகு 95, 100. ஐந்தாவது வரிசைதான் முக்கியம்: சயன் 50, மஜெந்தா 40, மஞ்சள் 40 சேர்ந்த ஒரு கட்டம், அதை ஒட்டினாற்போல் கறுப்பு மட்டும் 50 உள்ள ஒரு கட்டம். செந்தர அச்சில் இந்த 50, 40, 40 கலவை சாம்பலாகத்தான் தெரிய வேண்டும். பக்கத்திலுள்ள கறுப்புக் கட்டத்தோடு பார்க்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண் உடனே சொல்லிவிடும். தனித்தனியே பார்த்தால் சொல்லாது. இளஞ்சிவப்பு அடித்தால் மஜெந்தா கூட, பச்சை அடித்தால் மஜெந்தா குறைய, நீலம் அடித்தால் மஞ்சள் குறைய. தாளில் ஒரு மூலையில் நீங்கள் நன்றாக அறிந்த ஒரு முகமும் இருக்கட்டும். என் பட்டையில் என் மகளின் முகம் இருக்கிறது.

இந்தப் பட்டையை வெறும் பிடிஎஃப் ஆக, சிஎம்வைகே, அதாவது நாலு நிறத்தின் எண் மாறாமல் அனுப்ப வேண்டும். ரிப், அதாவது ஃபைலை மெஷினுக்குப் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்கும் பகுதி, நடுவில் புகுந்து நிறம் மாற்றினால் நீங்கள் பார்ப்பது மெஷினை இல்லை, மாற்றத்தைத்தான்.

பார்க்கிற வெளிச்சமும் முக்கியம். கடைக்குள் இருக்கும் மலிவான எல்இடி பல்புக்குக் கீழே சாம்பலைத் தீர்மானிக்காதீர்கள். தொழிலில் 5000 கெல்வின் வெளிச்சம் என்று வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் பகலில் வாசலுக்கு வந்து, வெயில் நேரே படாத நிழலில் பாருங்கள். பச்சை, நீலத் தகரக் கூரைக்குக் கீழே மட்டும் நிற்க வேண்டாம், அந்த நிறம் தாளிலும் விழும்.

இனி மெஷினின் சொந்தத் திருத்தம். கெனனில் ஓட்டோ அட்ஜஸ்ட் கிரேடேஷன், கொனிகா மினோல்டாவில் கிரேடேஷன் அட்ஜஸ்ட்மென்ட், மற்றவற்றில் வேறு பெயர். எல்லாமே செய்வது ஒரே வேலை. கட்டங்கள் உள்ள தாள் ஒன்றை அடிக்கும், அதை நீங்கள் கண்ணாடியில் வைத்து ஸ்கேன் பண்ண வேண்டும், எந்த அளவுக்கு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து மெஷின் தன் வளைவை, அதாவது கேட்ட வீதத்துக்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்ற கணக்கை, திருத்திக்கொள்ளும். இதை எல்லாரும் செய்கிறார்கள், பாதிப் பேர் பிழையாகச் செய்கிறார்கள். மெஷினைப் போட்ட கையோடு செய்யக் கூடாது. 30, 40 தாள் ஏதாவது வேலை ஓடி உடம்பு சூடான பிறகு செய்யுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள், ஒரு விரல் அடையாளமும் ஒரு கட்டத்தைக் கெடுக்கும். நீங்கள் வேலைக்குப் பாவிக்கும் அதே தாளில், அதே பேப்பர் வகைச் செட்டிங்கில் அடியுங்கள். ஸ்கேன் பண்ணும்போது தாளுக்கு மேலே பத்து வெள்ளைத் தாள் வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் மூடியின் நிழல் மெல்லிய தாளினூடு தெரிந்து கணக்கு மாறும். ஒரு முறை முடிந்ததும் இன்னொரு முறை செய்யுங்கள். முதல் முறை பெரிய பிழையைப் பிடிக்கும், இரண்டாவது மிச்சத்தை.

எனக்குத் தெரிந்து, மாரியில் இதை விடியவும் சாப்பாட்டுக்குப் பிறகும் செய்தால் உங்கள் தலையிடியில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மற்றக் காலத்தில் நாளுக்கு ஒரு முறை போதும். 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரிலிருந்து 300 ஜிஎஸ்எம் போர்ட்டுக்கு மாறினால் திரும்பச் செய்ய வேண்டும். தடித்த தாளுக்கு மெஷின் மெதுவாக ஓடி, சூட்டையும் மாற்றும், டோனும் மாறும்.

இதைச் செய்தும் நிற்காவிட்டால் வளைவைத் தொடாமல் மெஷினைப் பாருங்கள். உள்ளே பெல்ட்டில் சின்னக் கட்டங்களை அடித்துத் தானே அளக்கும் ஒரு சென்சர் இருக்கிறது. அதன் கண்ணில் டோனர் தூசி படிந்தால் மெஷின் தவறாகவே அளந்து தவறாகவே திருத்தும். டெக்னீஷியன் வந்து போனால் இரண்டு கிழமை நல்லாக இருக்கிறது என்றீர்களே, எனக்கு இந்தச் சென்சரில் ஒரு சந்தேகம் உண்டு. அவர் துடைக்கிறார், இரண்டு கிழமையில் திரும்பப் படிகிறது. ஏன் இவ்வளவு தூள் பறக்கிறது என்று கேளுங்கள். டெவலப்பர் கிழண்டிருந்தாலும் பறக்கும்.

கருவிக் கதைக்கு வருவோம். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் மெஷினில் ஃபியரி போல, அளவை உள்ளே வாங்கிக்கொள்ளும் ரிப் இருக்கிறதா? இல்லை, மெஷினின் சொந்தக் கொன்ட்ரோலர் மட்டும்தான் என்றால் கருவி வாங்கினாலும் அது காட்டும் எண்ணைக் கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இருந்தால் நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோ ஒன்று, பாவித்ததாயினும், வாங்குவது வீணாகாது. கண்ணாடி ஸ்கேனர் மெஷினை நேற்றிருந்த நிலைக்குக் கொண்டுவரும். ஸ்பெக்ட்ரோ அதற்கு மேலே போய், கொழும்பில் இன்னொருவர் அடிக்கும் நிறத்தோடு உங்களை ஒப்பிட வைக்கும்.

கருவி காட்டும் டென்சிட்டி என்பது மடக்கைக் கணக்கு. 1.0 என்றால் விழுந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு திரும்புகிறது, 2.0 என்றால் நூறில் ஒன்று. இதிலிருந்து, நிறத்தை உருவாக்கும் சின்னச் சின்னப் புள்ளி கேட்டதைவிட எவ்வளவு பருத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மரே, டேவிஸ் இருவரும் 1936இல் கொடுத்த சூத்திரம் இன்னும் பாவனையில் இருக்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். வெறும் தாள் 0.08, முழு மஜெந்தா 1.50, 50 வீதக் கட்டம் 0.48. தாளைக் கழித்தால் 0.40, 1.42. 0.40க்கு விழுங்கப்பட்ட வெளிச்சம் 60 வீதம், 1.42க்கு 96 வீதம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 63 வீதத்துக்குக் கிட்ட. அதாவது நீங்கள் 50 கேட்ட இடத்தில் கண்ணுக்கு 63 தெரிகிறது.

இதைப் பார்த்ததும் 13 கூடிவிட்டது, இழுத்து 50க்குக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றும். வேண்டாம் தம்பி. ஓப்செட் அச்சில் புள்ளி பருப்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான் எல்லாச் செந்தரப் புரொஃபைலும், அதாவது எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்று சொல்லும் ஃபைலும், செய்யப்பட்டிருக்கிறது. நடுவில் 13 முதல் 16 வரை பருப்பது அங்கே சாதாரணம். அதை 50க்கு நேராக்கினால் முகம் எல்லாம் வெளிறி, சலவை செய்த துணி போல வரும். உங்கள் இலக்கு ரிப்பில் உள்ள இலக்கு வளைவுதான். அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் திருத்துங்கள்.

கலிப்ரேஷனையும் புரொஃபைலையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் பலர். தராசின் முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவது கலிப்ரேஷன். நிறுத்த சாமானுக்கு விலை போடுவது புரொஃபைல். முள் ஆடும்போது புதுப் புரொஃபைல் செய்து பயனில்லை.

கையால் வளைவைத் திருத்தத்தான் வேண்டுமென்றால், எப்போதாவது வேண்டி வரும், நடுவில் மட்டும் தொடுங்கள். 50இல் 2 அல்லது 3 வீதம், அதற்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். ஒரு நிறத்தை மாற்றினால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நிறம். 5 வீதக் கட்டம் காணாமல் போகாமலும் 95உம் 100உம் ஒன்றாகிவிடாமலும் இரண்டு முனையையும் காத்துக்கொள்ளுங்கள். டிரைவரில் இருக்கும் டார்க், லைட் பட்டனைக் கட்டோடு மறந்துவிடுங்கள். நடுவில் ஒரு முகத்தைத் திருத்தப் போய் முழுப் பக்கத்தையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

முகம் பற்றித் தனியாக ஒன்று. எங்கள் ஆட்களின் தோலுக்கு மஞ்சள் மஜெந்தாவைவிடச் சற்றுக் கூடவும், சயன் மஜெந்தாவில் பாதிக்குக் கிட்டவும் இருந்தால் உயிரோடு வரும். மஜெந்தா மஞ்சளைத் தாண்டினால் வெயிலில் வெந்தது போல இருக்கும். மெஷின் நடுவில் 4, 5 வீதம் மஜெந்தா கூட அடித்தாலே இந்த எல்லை உடைந்துவிடுகிறது. அதனால்தான் மற்ற எல்லாம் சரியாகத் தெரிய, முகம் மட்டும் முதலில் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பு வெள்ளைப் போட்டோ என்றால் அதை கிரேஸ்கேலுக்கு மாற்றி, கறுப்பு டோனரில் மட்டும் அடியுங்கள். நாலு நிறத்தில் அடித்தால் சாம்பலின் ஆட்டம் முழுக்க அந்த முகத்தில் வந்து விழும். தாத்தாமாரின் பழைய போட்டோக்களை இப்படித்தான் காப்பாற்ற முடிகிறது. கலியாண அல்பத்துக்கு "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ" என்று வருகிறவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை. நினைவு மலரில் மட்டும் செய்ய மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் கண்ட நிறம் எதுவோ அதுதான் அங்கே வர வேண்டும்.

பேனர் அடிக்கும் இங்க்ஜெட்டுக்கும் ஒழுங்கு இதுதான், ஒரே வித்தியாசம், அங்கே முதலில் ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு மை வரை தாங்கும் என்ற எல்லையைப் போட வேண்டும். மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நொசில் செக் சுத்தமாக வராமல் அதில் ஒன்றையும் அளக்க வேண்டாம்.

இந்தக் கிழமைக்கு ஒரு வேலை சொல்கிறேன். மூன்று நாள், எதையும் திருத்தாமல், பட்டையை விடியக் கடை திறந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, மூடும் முன் ஒன்று அடியுங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் திகதி, நேரம், வெப்பம், ஈரம் எழுதுங்கள். ஒன்பது தாளையும் நிழலில் வரிசையாகப் பரப்புங்கள். நாலு நிறமும் ஈரத்தோடு சேர்ந்து ஆளுக்கொரு அளவில் கறுத்தும் வெளிறியும் இருந்தால் குற்றம் அறையினது, ஏசியையும் பேப்பரையும் ஹீட்டரையும் பாருங்கள். மற்ற மூன்றும் ஓரளவு நிற்க, மஜெந்தா வரிசை மட்டும் ஆடியிருந்தால் அது அந்த யூனிட்டின் டெவலப்பர் அல்லது டிரம். அப்போது அந்த ஒன்பது தாளையும் டெக்னீஷியன் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.